பயிற்சி முடிந்த பிறகு பத்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடிச் செய்யும் உடற்பயிற்சிக் குழு, மார்பகப் புற்றுநோய் விஷயத்தில் எப்படிக் கைகொடுக்கும் என்று இன்று பேசலாம். கிராமத்துப் பெண்களிடம் உடற்பயிற்சி என்று வாயெடுத்தாலே ஒரு பதில் வரும்: “நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து வேலை பார்க்கிறோம், இதுக்கு மேல என்னங்க பயிற்சி?” நியாயமான கேள்விதான். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். களை எடுப்பதும் தண்ணீர் சுமப்பதும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் எல்லாரும் இன்று வயலில் இல்லையே. தையல் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களும் கிராமத்தில்தான் இருக்கிறார்கள்.

இதற்கும் மார்பகத்துக்கும் என்ன சம்பந்தம்? மாதவிடாய் நின்ற பிறகு, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பெரும்பாலும் உடல் கொழுப்பில்தான் உருவாகிறது. கொழுப்பு கூடினால் அதுவும் கூடும். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை அந்த ஹார்மோனின் தூண்டுதலில் வளர்பவை. அதனால் உடலை அசைத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு ஆபத்து ஓரளவு குறைகிறது. ஓரளவுதான். ‘நடந்தால் புற்றுநோயே வராது’ என்று சொல்லி ஆள் சேர்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெண்ணாக இருப்பதும் நாற்பதைக் கடந்ததும் தவிர வேறு காரணம் எதையும் சுட்ட முடிவதில்லை.

என்னைக் கேட்டால், பயிற்சிக் குழுவின் பெரிய லாபம், முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்காரும் அந்தப் பத்து நிமிடம். வீட்டில் சொல்லத் தயங்குவது அங்கே பேச்சில் வந்துவிடும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சி இருக்கிறதல்லவா? அதையே வீட்டில் கண்ணாடி முன் மேலாடை இல்லாமல் செய்து பாருங்கள். தோல் எங்காவது குழி விழுந்தால், காம்பு உள்ளே இழுத்துக்கொண்டால், கை மேலே போகும்போது தெளிவாகத் தெரியும். அக்குளில் கட்டி, காம்பில் ரத்தக்கசிவு, தோல் தடிப்பது, இவையும் கவனிக்க வேண்டியவை. வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதே சமயம் பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. எது என்ன என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அப்புறம்தான் சிரமமே. மருத்துவரை முதலில் பார்த்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று முடிவாகிவிட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் இலக்கு. கிராமத்தில் அந்த நாட்கள் எப்படிக் கரைகின்றன? கூடவர ஆள் இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஒருநாள் கூலி போகிறது. குழுவில் ஒருவர் துணைக்குப் போகலாம், இன்னொருவர் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம். மறுவாரம், “ஸ்கேன் எடுத்தாச்சா, பயாப்ஸி ரிசல்ட் வந்துச்சா?” என்று கேட்கவும் ஆள் இருக்கும். பயாப்ஸி என்றால், கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவர்களிடம், சிகிச்சை நடந்த பக்கத்துக் கையால் எதையும் தூக்காதே என்று முன்பெல்லாம் சொன்னார்கள், கை வீங்கிவிடும் என்று. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மேற்பார்வையில், தூக்கும் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் வீக்கம் அதிகமாவதில்லை என்று காட்டியது. எனவே குழு நடத்துபவர்கள் சிகிச்சை முடிந்து வருபவரை ஓரமாக உட்காரவைக்க வேண்டாம். மருத்துவரைக் கேட்டுவிட்டு, மிகக் குறைந்த எடையில் ஆரம்பியுங்கள். கை கனத்தாலோ வீங்கினாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.