கோர்த் ஊரின் கிணறு

நேயர்களுக்கு வணக்கம். தெற்குப் பிரான்சில், செரு என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கை ஒட்டிய குன்றின் உச்சியில் கோர்த்-சூர்-சியேல் என்றொரு ஊர் இருக்கிறது. விடியற்காலையில் மூடுபனி பள்ளத்தாக்கை நிறைத்துவிட, ஊர் மட்டும் பனிக்கு மேலே மிதப்பதுபோல் தெரியும். அதனால்தான் கோர்த் என்ற பழைய பெயரோடு, 'வானத்தின் மேல்' என்று பொருள்படும் பின்னொட்டை 1993இல் சேர்த்தார்கள். அங்கே செல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பனிக்காட்சிக்காகவே செல்கிறார்கள். நான் அவர்களை ஊருக்குள் இருக்கும் ஒரு கிணற்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காத கிறித்தவப் பிரிவினரான கத்தார் சமயத்தவரை ஒடுக்க 1209இல் தொடங்கிய சிலுவைப்போர் அந்த நாட்டுப்புறத்தைச் சூறையாடிக்கொண்டிருந்த காலத்தில், 1222ஆம் ஆண்டு, துலூஸ் கோமகன் ஏழாம் ரேமோன் இந்த ஊரை நிறுவி, குடியேற வருவோருக்கு வரிச்சலுகையும் அளித்தார். குன்றின் மேல் மதில் கட்டிக்கொள்ளலாம்; ஆனால் தண்ணீருக்கு எங்கே போவது? ஆறு கீழே ஓடுகிறது. முற்றுகையிடும் பகைவனும் அங்கேதான் நிற்பான். ஆகவே உச்சியிலேயே பாறையைக் குடைந்து, ஏறத்தாழ 113 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு வெட்டினார்கள். 113 மீட்டர் என்றால் சுமார் 370 அடி. மாடிக்குப் பத்தடி என்று கணக்கிட்டால் முப்பத்தேழு மாடி. கயிற்றில் நீர் இறைத்துப் பழகிய நேயர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: ஆழம் கூடக் கூட, வாளியின் கனத்தோடு நனைந்த கயிற்றின் கனமும் கையில் ஏறும். 370 அடிக் கயிற்றை நினைத்துப் பாருங்கள். அதை இழுப்பதற்கு முன்னால், உளியும் சம்மட்டியும் கொண்டு, விளக்கின் புகையில் மூச்சுத்திணறி, அந்தப் பாறையைக் கொத்திக் கொத்தி மேலே அனுப்பியவர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அச்சம் எவ்வளவு ஆழமாக இருந்தால் மனிதர் அவ்வளவு ஆழம் தோண்டுவார்கள் என்பதே அங்கே நின்றபோது என் மனத்தில் எழுந்த எண்ணம்.

கிணறு இருப்பது பழைய சந்தை மண்டபத்தில். எண்பட்டைக் கற்றூண்கள் இருபத்து நான்கு, மேலே மரக்கூரை, சுற்றிலும் திறந்தவெளி. வெயிலில் ஏறி வந்த களைப்போடு ஒரு தூணில் கை வைத்தேன்; கல் குளிர்ந்திருந்தது, விளிம்புகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. அருகிலுள்ள பெருந்தெருவில் துணியாலும் தோலாலும் செல்வம் சேர்த்த வணிகர்கள் கட்டிய கோதிக் பாணி வீடுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் முகப்பில் வேட்டைக்காரர்களும் நாய்களும் விலங்குகளும் புடைப்புச் சிற்பமாக ஓடுகிறார்கள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும்.

அடுத்து, வணிகம் நலிந்த பின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து இவ்வூருக்கு மீண்டும் பிழைப்பளித்த சுவிட்சர்லாந்துப் பூவேலை எந்திரங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கிணறே நேரத்தை எடுத்துக்கொண்டது. கடிகாரம் இடம் தரவில்லை. ஒரு குறிப்பு மட்டும்: ஆல்பி நகரிலிருந்து கோர்த் சுமார் 25 கிலோமீட்டர். பனியைக் காண விரும்பினால் விடியும் முன்பே கிளம்புங்கள். பனி கலைந்த பிறகு, மேலே ஏறிக் கிணற்றருகே சற்று நில்லுங்கள். நன்றி, வணக்கம்.