மறித்தது யாரை?

நேயர்களுக்கு வணக்கம். போராட்டத்துக்குப் போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். எங்கள் ஊர் காலிக்குடக் கதையிலிருந்துதான் தொடங்குவேன். ஏற்கெனவே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோடையில் 18 நாள் குழாயில் தண்ணீர் இல்லை. காலிக்குடங்களை வரிசையாக வைத்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். பஸ் நின்றது, வேன் நின்றது, எங்களுக்கு ஒரே பெருமை. நின்றுபோன ஆட்டோ ஒன்றில் ஓலைக் கடவம் நிறைய சாளை மீனோடு ஒரு பாட்டி. ஐஸ் உருகிச் சொட்டுகிறது. அரை மணி நேரம் பொறுத்தவர் இறங்கி வந்து என் முன்னால் நின்றார். "மக்களே, தண்ணி தராதவன் ஆபீசுல ஃபேனுக்கு அடியில இருக்கான். நீங்க என் சாளையைத்தான மறிச்சு வச்சிருக்கீங்க?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. கடைசியில் ஓர் அதிகாரி வந்து "பார்க்கிறோம்" என்றார், எழுந்துவிட்டோம். தண்ணீர் வரவில்லை.

அடுத்த முறை குடங்களை அந்த அலுவலக வாசலுக்கே கொண்டுபோனோம். காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினோம். வீட்டுக்கு ஒரு மனு, மனுவுக்கு ஒரு ரசீது. 'குடிநீர் வேண்டும்' என்று பொதுவாக எழுதாமல் எந்தத் தெரு, எந்த மோட்டார், எத்தனை நாள் என்று எழுதினோம். நாலாம் நாள் மோட்டாரைக் கழற்ற ஆள் வந்தது. அந்தப் பாட்டி சொன்னதுதான்: தர வேண்டியவர் யாரோ, அவர் வாசலுக்குப் போங்கள்.

அப்போ மறியலே தப்பா என்பீர்கள். 2017 டிசம்பர் 7 உங்களுக்கு நினைவிருக்கும். ஒக்கிப் புயலில் சிக்கியவர்கள் கரை திரும்பாத நிலையில், கடற்கரை ஊர்கள் திரண்டுபோய்க் கன்னியாகுமரி மாவட்டக் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தன. கடலில் கிடப்பவர்களைத் தேடுங்கள் என்று கேட்டார்கள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் ரயிலை மறித்தால் ரயில்வே சட்டம் 174-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. வளைகுடா வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கும் பையன்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! வழக்கு ஒன்று இருந்தால் போலீஸ் விசாரணையில் அது வந்து நிற்கும். உட்காருகிறவர் அதைத் தெரிந்து உட்கார வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிட்டான் என்று போகக் கூடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பாதுகாப்பு பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன், சரி, ஓட்டமாகச் சொல்கிறேன். 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் மீனவர் பேரணி வந்து சேர்ந்த இடத்தில்தான் துப்பாக்கிச்சூடு நடந்தது. அதனால் வெளியேறும் சந்து எது என்று போன உடனே பார்த்து வையுங்கள். கண்ணீர்ப்புகை வந்தால் கண்ணைத் தேய்க்காதீர்கள்; காற்று வரும் பக்கமாக நடந்து விலகி, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கைது என்றால் பெரும்பாலும் ஏதாவது கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விடுவார்கள், சர்க்கரை மாத்திரை கையில் இருக்கட்டும். அப்புறம், போனைப் பிடுங்கிவிட்டால் வீட்டு நம்பர்கூட மறந்துபோகும். அதை உள்ளங்கையில் எழுதாதீர்கள், வியர்வையில் அழிந்துவிடும். முழங்கைக்கு மேலே எழுதுங்கள். வணக்கம்.