பின் பிரேக்கை மிதித்தால் லைட் எரிகிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

பைக்கில் ஹெட்லைட் போனால் அன்று இரவே நமக்குத் தெரிந்துவிடும். பிரேக் லைட் அப்படியில்லை. பின்னால் வருகிறவர் சொன்னால்தான் உண்டு. சில நேரம் அவர் வந்து மோதிய பிறகுதான் தெரிகிறது.

போன மழைக்காலத்தில் என் பட்டறைக்கு ஒரு பால்காரர் வந்தார். விடிகாலை இருட்டில், வேகத்தடைக்கு முன்னால் பிரேக் மிதித்திருக்கிறார். பின்னால் வந்த மொபெட் பால் கேனில் இடித்துவிட்டது. "பல்பு புதுசுங்க, நேத்துதான் போட்டேன்" என்றார். முன் பிரேக்கைப் பிடித்தேன், பளிச்சென்று எரிந்தது. பின் பிரேக்கை மிதித்தேன், எரியவில்லை.

பாதி வேலை அங்கேயே முடிந்தது. முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் சுவிட்ச் தனித்தனி, பல்பு ஒன்றுதான். ஒன்றில் எரிந்தாலே பல்பும் பியூசும் நன்றாக இருக்கின்றன. பின் விளக்கு எரிவதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரே பல்புக்குள் 5 வாட் இழை பின் விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு.

டிரம் பிரேக் வைத்த நம்மூர் 100 சிசி வண்டிகளில் பின் சுவிட்ச் வலது பக்கம், பெடலுக்கு மேலே இருக்கும். அதிலிருந்து மெல்லிய ஸ்பிரிங் ஒன்று பெடலுக்கு வரும். சாவியைப் போட்டுவிட்டு அந்த ஸ்பிரிங்கைக் கையால் கீழே இழுங்கள். லைட் எரிந்தால் சுவிட்ச் நல்லது, அட்ஜஸ்ட்மென்ட்தான் குறை. பால்காரர் வண்டியும் அதேதான். சில நாள் முன்பு பின் பிரேக்கை டைட் வைத்திருக்கிறார். பெடல் கொஞ்சம் இறங்கியதுமே பிரேக் பிடித்துவிடுகிறது, ஸ்பிரிங் போதுமான அளவு இழுபடுவதில்லை. பிரேக்கை டைட் வைக்கிறவர்கள் சுவிட்சையும் கையோடு பார்க்க வேண்டும். பலர் பார்ப்பதில்லை, எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

அட்ஜஸ்ட் செய்ய, சுவிட்சை அசையாமல் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றியுள்ள நட்டை மட்டும் திருகுங்கள். சுவிட்ச் சேர்ந்து சுற்றினால் வயர் முறுக்கி அறுந்துவிடும். சுவிட்ச் மேலே ஏற ஏற, லைட் சீக்கிரம் எரியும். பிரேக் பிடிப்பதற்குச் சற்று முன்பே எரிய வேண்டும், அதுதான் கணக்கு. அளவுக்கு மேல் ஏற்றினால் எந்நேரமும் எரியும். பேட்டரியும் இறங்கும், நீங்கள் எப்போது நிற்கிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்கும் புரியாது.

கையால் இழுத்தும் எரியவில்லையா? சுவிட்சுக்கு வரும் இரண்டு வயரையும் கழற்றி, சிறு வயர்த் துண்டால் ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். வெறும் முனை பிரேமில் பட்டால் பியூஸ் போய்விடும், கவனம். இப்போது எரிந்தால் சுவிட்ச்தான் போய்விட்டது. சேறும் தண்ணீரும் உள்ளே இறங்கியிருக்கும். புதிதாகவே மாற்றிவிடுங்கள், விலை குறைந்த சாமான்தான். அப்போதும் எரியாவிட்டால் வயரிங்கில் கோளாறு, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அப்புறம், பார்த்துச் சொல்ல ஆள் இல்லையென்றால், இருட்டியதும் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். முன் பிரேக்கை ஒருமுறை, பின் பிரேக்கை ஒருமுறை, தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு முறையும் சுவரில் சிவப்பு வெளிச்சம் அதிகமாக வேண்டும்.