வலி வயித்துல, டாக்டர் பார்த்தது யூரின் பையை

வணக்கம்! மாமாவை வயித்து வலின்னுதான் சேர்த்தோம். கணைய அழற்சி, அதாவது அக்யூட் பேங்க்ரியாடைட்டிஸ்னாங்க. மறுநாள் ஐசியூவுக்கு வந்த டாக்டர், நேரா கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு யூரின் பையைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துல 15 மில்லி, கடும் மஞ்சள். அப்புறம் மாமா நெஞ்சையே பார்த்துக்கிட்டு மூச்சை எண்ணினார். நிமிஷத்துக்கு 30.

வலி வயித்துலதானே, ஏன் இதைப் பார்க்கிறார்? அதைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

கணையம் செய்யற ட்ரிப்சின்னு ஒரு நொதி இருக்கு. குடலுக்குப் போனப்புறம்தான் அது வேலையைத் தொடங்கணும். பித்தக்கல் அடைச்சோ, குடியாலயோ அது கணையத்துக்குள்ளயே தொடங்கிட்டா, கணையம் தன்னையே செரிக்க ஆரம்பிச்சிடும். அங்க கூடற வெள்ளை அணுக்கள் சைட்டோகைன்கிற ரசாயனங்களைக் கொட்டும். அது ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கப் போயிடும். கிருமியே இல்லாம காய்ச்சல், படபடப்பு எல்லாம் வரும்.

இங்கதான் ரொம்ப முக்கியமான விஷயம். ரத்தக்குழாய்ச் சுவர் கசிய ஆரம்பிக்கும். உள்ள இருக்க வேண்டிய தண்ணி வெளிய திசுக்கள்ல தேங்கிடும். மாமா கை கால் வீங்கியிருந்தது, ஆனா குழாய்க்குள்ள வறட்சி. எனக்கு இது புரியவே ரெண்டு நாள் ஆச்சு. பிரஷர் இறங்கும், சிறுநீரகத்துக்கு ரத்தம் பத்தாது. அதான் அந்த 15 மில்லி. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது போகணும். அதே கசிவு நுரையீரலோட காத்துப் பைகள்ல நடந்தா ஆக்சிஜன் குறையும், மூச்சு வாங்கும்.

குடல் சுவரும் பலவீனமாகும். குடல்ல இருக்கிற பாக்டீரியா அதைத் தாண்டிப் போய், செத்துப்போன கணையத் திசுவுல சீழ் பிடிக்க வைக்கலாம். அதனாலதான் இப்ப நாள்கணக்கா பட்டினி போடறதில்ல. முடிஞ்சவரை சீக்கிரமே வாய் வழியாவோ டியூப் வழியாவோ உணவு கொடுக்கறாங்க.

பெரும்பாலானவங்களுக்கு இவ்வளவு தூரம் போகாது, தானா அடங்கிடும். உறுப்பு செயலிழப்பு வந்தா மட்டும் 48 மணி நேரக் கணக்கு ஒண்ணு இருக்கு. கணைய அழற்சி எவ்வளவு கடுமைன்னு டாக்டர்கள் பிரிக்கற, 2012-ல திருத்தின அட்லாண்டா வகைப்பாட்டுப்படி, அதைத் தாண்டியும் நீடிச்சாதான் 'தீவிரம்'னு சொல்வாங்க. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். ட்ரிப்ஸைக் கொட்டி ஏத்தவும் முடியாது, அதிகமானா அதுவே நுரையீரல்ல தேங்கும். பார்த்துப் பார்த்துத்தான் ஏத்தினாங்க.

40 மணி நேரம் இருக்கும், விடியக்காலை. நர்ஸ் சிஸ்டர் என்னை எழுப்பி, பைக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுக் காட்டினாங்க. அந்த ஒரு மணி நேரத்துல 45 மில்லி.