பிரித்துத் தைத்த நினைவுகள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய உடைகளை வெட்டித் தைத்துப் படைக்கும், கண்ணால் பார்க்கவேண்டிய ஒரு கலையைப் பற்றி வானொலியில் பேசுவது சற்று விந்தைதான். ஆனால் பலமுறை துவைத்து நைந்த துணி விரலுக்கு எப்படியிருக்கும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்ற துணிச்சலில் தொடங்குகிறேன்.

கொலாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ஒட்டுதல் என்று பொருள். பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை 1912இல் பிக்காசோ தம் ஓவியத்தில் ஒட்டியதைக் கலை வரலாறு ஒரு திருப்பமாகக் கொண்டாடுகிறது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பெண்கள் வீட்டில் மிஞ்சிய துணிகளை வெட்டி இணைத்து உருவங்கள் அமைத்து வந்தார்கள்; அது கைவேலைக் கணக்கில் போய்விட்டது. மிரியம் ஷாப்பிரோ, மெலிசா மேயர் என்ற இரு பெண் கலைஞர்கள் 1970களின் பிற்பகுதியில், பெண்ணைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லைக் கொலாஜோடு இணைத்து, இந்த மரபுக்கு ‘ஃபெம்மேஜ்’ என்று பெயர் சூட்டியது இந்த ஓரவஞ்சனையை மறுக்கத்தான். பெயர் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. வாதத்தை மறுக்க முடியவில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரைச் சேர்ந்த மிசூரி பெட்வே, கணவர் இறந்த பிறகு அவர் வேலைக்கு உடுத்திய உடைகளைப் பிரித்து 1942இல் ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்திருக்கவும், அன்போடு அதைப் போர்த்திக்கொள்ளவும் அம்மா அப்படிச் செய்ததாக அவருடைய மகள் பின்னாளில் நினைவுகூர்ந்தார். வேலை உடைகளைக் கொண்டு செய்யும் இத்தகைய படைப்புகளில், முழங்கால் பட்ட இடம் வெளுத்திருக்கும். சட்டைப்பையைப் பிரித்தெடுத்த இடமோ வெயில் படாமல் அடர்ந்த நிறத்தில் நிற்கும். அந்த உடலின் உழைப்பே துணியில் படமாகப் பதிந்திருப்பதால், தைப்பவர் தனியாக எதையும் வரையத் தேவையில்லை.

பிரான்சில் பிறந்த பெண் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் கதை வேறு. படங்கள் நெய்த பழைய சித்திரத் திரைகளைச் செப்பனிடும் குடும்பத்தில் பிறந்த அவர், சிறுமியாக இருந்தபோதே சிதைந்துபோன பகுதிகளை மறுபடி வரைந்து கொடுத்தவர். ஓட்டை வெளியே தெரியாமல் மூடுவதே அந்தத் தொழிலின் திறமை. அப்படி வளர்ந்தவர், தொண்ணூறு வயதைத் தாண்டிய 2002இல், தம் கல்யாணச் சீராக வந்த கைத்துண்டுகளைப் பக்கங்களாக்கி, பழைய உடைகளை வெட்டித் தைத்து ஒரு துணிப் புத்தகம் செய்தார். நினைவுகளால் நிறைந்த அந்தப் புத்தகத்துக்கு அவர் வைத்த பெயரின் பொருள், மறதிக்கு ஒரு பாடல்.

இந்தக் கலையில் வெட்டுவதுதான் கடினம். பெட்டியில் மடித்து வைத்த துணி அந்துக்கும் மடிப்பு வெடிப்புக்கும் மெல்ல இரையாகும் என்றாலும், கத்தரிக்கோல் பட்ட பிறகு அது பழைய சட்டையாகத் திரும்பாது. கடையில் வாங்கிய புதுத் துணியைத் தேயிலைச் சாயத்தில் முக்கிப் பழசாக்கி, அதைப் பாட்டியின் நினைவு என்று காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பசையையும் நான் விரும்புவதில்லை. நாளடைவில் அது இறுகித் துணியில் கறையேற்றக்கூடும். தையலை என்றாவது பிரிக்க வேண்டி வந்தால் ஊசித் துளைகளே மிஞ்சும்.

பழைய உடையின் தையலைப் பிரிக்கும்போது உள்மடிப்பில் முதல் நாளைய நிறம் அப்படியே ஒளிந்திருக்கும். அதை வெளுத்த பக்கத்துக்கு அருகே வெளியே தெரியும்படி வைப்பதா, மறுபடி உள்ளே மடித்துவிடுவதா என்பதில்தான் கலைஞரின் கை நெடுநேரம் தயங்குகிறது.