முதல் இரண்டு சுழற்சியைத் தாண்ட வேண்டும்

விழாத் தலைவர் அவர்களே, வரவேற்புரை நிகழ்த்திய மருத்துவக் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ரத்தவியல் பேராசிரியர்களே, வாடகை வாங்காமல் அரங்கத்தைக் கொடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் சுண்டலும் காபியும் ஏற்பாடு செய்த வர்த்தகர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, பகல் ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்து நிற்கும் செவிலியர் சகோதரிகளே, ரத்ததானக் கழகத்துத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். எத்தனையோ பணிகளுக்கு நடுவே மாவட்ட ஆட்சியர் அவர்களும் வந்து அமர்ந்திருக்கிறார். அவருக்குத் தனியே நன்றி. அவரிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மூன்று செய்தி பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். ஒன்று, எபிஜெனெடிக் மருந்துகள், அதாவது மரபணுவை மாற்றாமல் அது வேலை செய்யும் விதத்தை மட்டும் திருத்தும் மருந்துகள். இரண்டு, புற்றுநோயைத் தாக்கும் வைரஸ்கள். மூன்று, இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் முயற்சிகள். மூன்றுக்கும் பொருந்துகிற பழமொழி ஒன்றுதான்: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் மரபணுக்கள் நம் எல்லோரிடமும் உண்டு. பல புற்றுநோய்களில் அந்த மரபணு அப்படியே இருக்கும். ஆனால் மெத்தில் என்ற சிறு வேதிக்கூட்டு அதன்மேல் ஒட்டிக்கொண்டு, காவல்காரன் வாயில் துணியை அடைத்ததுபோல் ஊமையாக்கிவிடும். செல் பிரியும்போதெல்லாம் டி.என்.எம்.டி.1 என்ற நொதி புது இழையிலும் அந்த மெத்திலை ஒட்டிவைக்கும். அசாசைட்டிடின் என்ற மருந்து டி.என்.ஏ.வுக்குள் புகுந்து அந்த நொதியையே பிடித்து வைத்துக்கொள்கிறது. 1960களில் செக்கோஸ்லோவாகியாவில் உருவான பொருள் இது. மெத்தில் ஒட்டுவதை இது தடுக்கிறது என்று 1980இல் பீட்டர் ஜோன்ஸும் ஷர்லி டெய்லரும் காட்டினார்கள். எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும் எம்.டி.எஸ். நோய்க்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிரிகிற செல்லின் டி.என்.ஏ.வுக்குள்தான் இந்த மருந்து நுழையும். மருந்து போடுகிற ஏழு நாளில் எல்லாப் புற்றுசெல்லும் பிரியாது. நிறுத்தினால் மெத்தில் திரும்ப ஒட்டிவிடும். அதனால் 28 நாளுக்கு ஒரு சுழற்சி, குறைந்தது ஆறு சுழற்சி. 358 நோயாளிகளைக் கொண்ட பெரிய ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம், 15 மாதம். அசாசைட்டிடின் பெற்றவர்களுக்கு 24.5 மாதம்.

செவிலியர் சகோதரிகளுக்காக இதையும் சொல்கிறேன். அளவு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம். 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு 120 மில்லிகிராம், அதாவது இரண்டு குப்பி. தோலுக்கடியில் போடும்போது 100 மில்லிகிராம் குப்பிக்கு 4 மில்லி ஊசிநீர் விட்டுக் குலுக்கினால் பால்போல் கலங்கும், கலங்கத்தான் வேண்டும். 120 மில்லிகிராம் என்பது 4.8 மில்லி. 4 மில்லியைத் தாண்டினால் இரண்டு சிரிஞ்சில் சமமாகப் பிரித்து இரண்டு இடத்தில் போட வேண்டும். தண்ணீர் பட்டதுமே மருந்து சிதையத் தொடங்குகிறது. கலந்ததை வெளியில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். போடும் முன் சிரிஞ்சை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள், இல்லையென்றால் மருந்து அடியில் தங்கிவிடும். சனி ஞாயிறு பகல்நேர வார்டு மூடியிருந்தால் ஐந்து நாள் போட்டு, இரண்டு நாள் விட்டு, மீதி இரண்டு நாள் போடும் முறை இருக்கிறது.

இனி வைரஸ். 2015இல் அமெரிக்காவில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற டி-வெக், வாய்ப்புண் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸில் இரண்டு மரபணுவை நீக்கி, எதிர்ப்புச் செல்களைக் கூப்பிடும் ஒரு மரபணுவைச் சேர்த்துச் செய்தது. கட்டிக்குள்ளேயே ஊசி. முதல் முறை மில்லிக்குப் பத்து லட்சம் வைரஸ், மூன்று வாரம் கழித்து மில்லிக்குப் பத்துக் கோடி, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சுருங்குவதற்கு முன் கட்டி பெரிதாவதும் உண்டு. அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. அங்கேயும் அடிமேல் அடிதான்.

அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். 49 வயதுப் பெண்மணி. மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய். பல ஆண்டுச் சிகிச்சை, ஸ்டெம் செல் மாற்று, எல்லாம் பார்த்தாகிவிட்டது. நோய் திரும்பி நெற்றியிலேயே கட்டியாக எழுந்து நிற்கிறது. ஸ்டீபன் ரஸ்ஸல் தலைமையிலான குழு எதைக் கையில் எடுத்தது தெரியுமா? தட்டம்மை வைரஸ்! 1954இல் ஒரு பள்ளிச் சிறுவனிடமிருந்து பிரித்தெடுத்து, தடுப்பூசிக்காகச் சாதுவாக்கிய எட்மன்ஸ்டன் வகை. மைலோமா செல்களின்மேல் சி.டி.46 என்ற புரதம் மிகுதியாக இருக்கும். இந்த வைரஸ் அதைப் பிடித்துத்தான் உள்ளே நுழைகிறது. வைரஸ் எங்கே போகிறது என்று ஸ்கேனில் பார்ப்பதற்காக, அயோடினை உறிஞ்சும் மரபணு ஒன்றையும் அதில் சேர்த்திருந்தார்கள். எவ்வளவு கொடுத்தார்கள்? பத்தாயிரம் கோடி வைரஸ், ரத்தக்குழாய் வழியாக. ஒரு கோடிப் பேருக்குத் தடுப்பூசி போடலாம்! கடுமையான தலைவலி, வாந்தி, கொதிக்கிற காய்ச்சல். அதன்பின் நெற்றிக் கட்டி கரைந்தது, மஜ்ஜையில் புற்றுசெல் காணவில்லை. ஒன்பது மாதம் நோயில்லாமல் இருந்தார். பிறகு அதே நெற்றியில் மட்டும் திரும்பியது, அதற்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதே அளவு பெற்ற இன்னொருவருக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. 2014இல் இது வெளியானபோது உலகமே பேசியது.

ஆனால் அந்த இருவருக்கும் ரத்தத்தில் தட்டம்மை எதிர்ப்பொருள் மிகக் குறைவு, அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள். தடுப்பூசி போட்ட உடம்பில் எதிர்ப்பொருள், கட்டியைப் போய்ச் சேரும் முன்பே வைரஸைப் பிடித்துவிடும். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த எதிர்ப்பொருள் இருக்கிறது.

மூன்றாவது செய்தியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்; இன்று, இப்போதே நம் கையில் இருப்பதைப் பேச வேண்டும். அசாசைட்டிடின் நம் நாட்டிலேயே தயாராகிறது. அப்படியிருந்தும் சிகிச்சை எங்கே அறுந்துபோகிறது? முதல் இரண்டு சுழற்சியில். மஜ்ஜை தேறுவதற்கு முன் ரத்த அணுக்கள் இன்னும் இறங்கும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணு, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பத்தாயிரத்துக்குக் கீழே போனால் ரத்தக்கசிவைத் தடுக்க ஏற்றியாக வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த சுழற்சி தள்ளிப்போகும், குடும்பம் மனம் தளர்ந்துவிடும், பலன் தெரியும் முன்பே மருந்து நின்றுவிடும். அம்மி நகர்கிற நேரத்தில் கையை எடுத்துவிடுகிறோம். இது மருந்தின் தோல்வி இல்லை, ஐயா. கொடையாளர் இல்லாத குறை.

பிளேட்லெட்டை 20 முதல் 24 டிகிரியில், விடாமல் ஆட்டிக்கொண்டே, ஐந்து நாள்தான் வைக்கலாம். பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுக்கும் அபெரிசிஸ் இயந்திரத்தில் ஒருவரிடமிருந்து மட்டும் எடுக்கும் ஒரு பை, சாதாரண ரத்தப் பைகள் ஐந்தாறிலிருந்து பிரித்ததற்குச் சமம். ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும்; மற்ற அணுக்கள் உங்களுக்கே திரும்பி வந்துவிடும். எடை 50 கிலோவுக்கு மேல், பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். மூன்று நாளாக ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. நடுவில் உதடு மரத்து, விரல் கூச்செடுத்தால் உடனே சொல்லுங்கள். அது ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டின் வேலை. வேகத்தைக் குறைத்து ஒரு கால்சியம் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும். 48 மணி நேரம் விட்டு மறுபடி கொடுக்கலாம். ஆண்டுக்கு 24 முறை வரை.

ஆட்சியர் அவர்களே, என் வேண்டுகோள் இதுதான்: தலைமை மருத்துவமனை ரத்த வங்கிக்கு ஓர் அபெரிசிஸ் இயந்திரம், அதை விடுமுறை நாளிலும் இயக்க ஒரு டெக்னீஷியன். தம்பி தங்கைகளே, தீபாவளி, பொங்கல் விடுமுறை நீளும்போது, முந்தைய வாரம் எடுத்த பை எல்லாம் காலாவதியாகிவிடும், புதிதாகக் கொடுக்க ஆளிருக்காது. வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அந்த நாட்களுக்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. பெயர், ரத்தப்பிரிவு, எந்தத் தேதியில் ஊரில் இருப்பீர்கள், மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள்.