யார் பக்கத்திலிருந்து வந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

மரபணு ஆலோசனைக்கு வருகிற குடும்பங்களில் பலரும் முதலில் கேட்பது, "டாக்டர், இந்த நோய் யார் பக்கத்திலிருந்து வந்தது?" என்பதுதான். கேட்பவர் குழந்தையின் பாட்டியாக இருந்தால் பதிலையும் அவரே தயாராக வைத்திருப்பார். மரபணு, ஓங்குபண்பு, ஒடுங்குபண்பு, பரம்பரை என்ற சொற்களெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே நம் காதில் விழுந்தவைதான். ஆனால் பரீட்சை முடிந்ததும் பாடம் மறந்துபோய், சொற்கள் மட்டும் தங்கிவிட்டன. தங்கியவற்றுக்கு நாமே ஆளுக்கொரு பொருள் வைத்துக்கொண்டோம். ஓங்குபண்பு என்றால் வலுவானது, மரபணு நோய் என்றால் குடும்ப நோய், மரபணுவில் இருந்தால் மாற்ற முடியாது என்று இப்படி. மூன்றுமே சரியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

பட்டாணியிலிருந்து தொடங்குவதைத் தவிர்க்க முடியாது. இன்றைய செக் குடியரசில் இருக்கும் பர்னோ நகர மடத்தின் தோட்டத்தில், 1856 முதல் எட்டு ஆண்டுகள் கிரெகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கலப்பினம் செய்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தால் முதல் தலைமுறை விதைகள் அத்தனையும் உருண்டை. அந்த விதைகளை முளைக்கவிட்டு, தன்மகரந்தச் சேர்க்கையில் அடுத்த தலைமுறையை எடுத்து எண்ணினார். உருண்டை 5474, சுருக்கம் 1850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. முதல் தலைமுறையில் வெளியே தெரிந்த உருண்டை ஓங்குபண்பு, மறைந்து நின்ற சுருக்கம் ஒடுங்குபண்பு. எல்லாரும் இந்த விகிதத்தைத்தான் மனப்பாடம் செய்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஒரு தலைமுறை முழுக்கக் காணாமல்போன சுருக்கம், கொஞ்சமும் குறையாமல் அதே சுருக்கமாகத் திரும்பி வந்தது. அம்மாவின் தன்மையும் அப்பாவின் தன்மையும் பிள்ளையிடம் கலந்து கரைந்துவிடுவதில்லை. தனித்தனி அலகுகளாகவே இருந்து, தனித்தனியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. அந்த அலகுதான் மரபணு. ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களுக்கு அல்லீல் என்று பெயர். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று பெரும்பாலான மரபணுக்களில் நமக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன.

சரி, பட்டாணி ஏன் சுருங்குகிறது? மெண்டலுக்கு இது தெரியாது. 1990இல்தான் விடை கிடைத்தது. விதைக்குள் மாவுச்சத்தைக் கிளைகிளையாகக் கட்டுவதற்கு ஒரு நொதி, அதாவது வேதிவினையை நடத்தித்தரும் புரதம், வேண்டும். அந்த நொதிக்கான மரபணுவின் நடுவில், சுமார் 800 எழுத்து நீளத்துக்கு வேறொரு டி.என்.ஏ. துண்டு வந்து புகுந்துகொண்டிருக்கிறது (எழுத்து என்பது டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு அலகுகளில் ஒன்று). நொதி வேலை செய்வதில்லை. மாவுச்சத்தாக மாற வேண்டிய சர்க்கரை அப்படியே தேங்குகிறது, சர்க்கரை தண்ணீரை இழுக்கிறது, விதை ஊதிப் பெருக்கிறது. காயும்போது அந்தத் தண்ணீர் போய்விட, தோல் சுருங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, "சுருக்கத்துக்கான மரபணு" என்று ஒன்று எங்கேயும் இல்லை. மாவுச்சத்து நொதிக்கான மரபணு இருக்கிறது. அது பழுதானால் கடைசியில் நம் கண்ணுக்குத் தெரிவது சுருக்கம். உருண்டை "ஓங்கு" என்பதும் இப்படித்தான். உருண்டை அல்லீல் மற்றதை அடக்கி வைக்கவில்லை. இரண்டில் ஒரு பிரதி வேலை செய்தாலே விதை உருண்டையாக இருக்கப் போதும், அவ்வளவுதான். இரண்டு வகை அல்லீலும் உள்ள விதையை அறுத்து, மாவுச்சத்து மணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால், அவை இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவத்தில் இருக்கும். வெறுங்கண்ணுக்கு ஓங்கு, நுண்ணோக்கிக்கு நடுத்தரம். அப்படியானால் ஓங்குதன்மை அந்த அல்லீலுக்குள் இருக்கும் குணமில்லை. நாம் எதை அளந்து பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது.

ஓங்குபண்பு என்றால் அதுதான் ஊரெல்லாம் பரவியிருக்கும் என்ற எண்ணமும் பழையதுதான். 1908இல் இங்கிலாந்தில் பெரிய புள்ளியியல் அறிஞர் ஒருவரே இதை எழுப்பினார். பிறவியிலேயே விரல்கள் குட்டையாக இருப்பது ஓங்குபண்பு என்றால், காலப்போக்கில் நாலு பேரில் மூன்று பேருக்குக் குட்டை விரல் வந்திருக்க வேண்டுமே என்றார். மரபியலாளர் புன்னெட்டுக்குப் பதில் தெரியவில்லை. தன்னோடு கிரிக்கெட் ஆடும் கணித மேதை ஹார்டியிடம் கொண்டுபோனார். ஹார்டிக்கு அது பெருக்கல் கணக்கு. இனச்சேர்க்கை தற்செயலாக நடந்து, இயற்கைத் தேர்வோ இடப்பெயர்ச்சியோ புதிய மாற்றமோ குறுக்கிடாத பெரிய கூட்டத்தில், அல்லீல்களின் விகிதம் தலைமுறை தலைமுறையாக அப்படியே நிற்கும் என்று காட்டினார். ஜெர்மனியில் வைன்பெர்க் என்ற மருத்துவரும் அதே ஆண்டு தனியாக இதையே கண்டுபிடித்ததால், ஹார்டி–வைன்பெர்க் விதி என்கிறோம். சான்று வேண்டுமா? ஓ இரத்த வகை ஒடுங்குபண்பு, ஆனாலும் உலகில் அதிகம் பேருக்கு இருப்பது அதுதான். மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் ஓங்குபண்பு, ஆனாலும் அரிது.

இனி ஒடுங்கு நோய்கள். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் அரிவாளணு இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஒரு பகுதிக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து, ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி. இரண்டு பிரதிகளிலும் இந்த மாற்றம் இருந்தால் நோய். ஒன்றில் மட்டும் இருந்தால் பொதுவாக நலமாகவே இருப்பார்கள், மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கும். இவர்களைக் கடத்திகள் என்கிறோம். கணவனும் மனைவியும் கடத்திகளாக இருந்தால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. இதைச் சொன்னதும், "அப்படியானால் முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்குப் பயமில்லை" என்று ஆறுதல் அடைகிறவர்கள் நிறைய. சுண்டிவிடும் காசுக்கு முன்பு விழுந்தது நினைவிருப்பதில்லை, கருவுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் புதிதாக நாலில் ஒன்று. இன்னொரு கணக்கு பலருக்கும் தெரியாது. நோயுள்ள குழந்தையின் உடன்பிறப்பு ஒருவர் நோயில்லாமல் இருந்தால், அவர் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு பாதியில்லை, மூன்றில் இரண்டு. நாலில் நோயுள்ளது ஒன்று கழிந்துபோக, மீதி மூன்றில் இரண்டு கடத்திகள்.

ஆக, ஒடுங்கு நோயில் "யார் பக்கம்" என்றால் இரண்டு பக்கமும்தான். சில நோய்களில் பதில் "எந்தப் பக்கமும் இல்லை" என்பதாகவும் இருக்கும். டவுன் நோய்க்குறிக்குக் காரணம், மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் 21ஆவது ஒன்று கூடுதலாக இருப்பது, 1959இல் வெளியான கண்டுபிடிப்பு. பெரும்பாலும் அது கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாததால் நேர்வது. பெற்றோரின் குரோமோசோம்கள் சரியாகவே இருக்கும். எலும்பு வளர்ச்சி குன்றும் அகோன்ட்ரோபிளேசியாவில், பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேருக்குப் பெற்றோர் இயல்பான உயரம். மாற்றம் புதிதாக நேர்ந்தது. இதற்குப் பெயர் சடுதிமாற்றம். நம் ஒவ்வொருவரிடமும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத இத்தகைய ஓரெழுத்துப் புது மாற்றங்கள் சுமார் 60, 70 இருக்கும், பெரும்பாலானவற்றால் எந்தப் பாதிப்பும் இல்லை. அவற்றில் பெரும்பகுதி தந்தையின் விந்தணு வழியாக வருபவை, தந்தையின் வயது கூடக்கூட எண்ணிக்கையும் கூடும். பாட்டிமார் கவனத்துக்கு.

மரபணுவில் எழுதியது மாறாது என்பது அடுத்தது. டென்மார்க்கின் யோஹான்சன், தன்மகரந்தச் சேர்க்கையால் வழிவழியாக ஒரே மரபோடு வந்த பீன்ஸ் விதைகளில் பெரியதும் சிறியதும் இருப்பதைப் பார்த்தார். பெரியதைப் பொறுக்கி விதைத்தாலும் அடுத்த தலைமுறை பெரிதாகவில்லை. உள்ளே இருக்கும் மரபு வேறு, வெளியே தெரியும் உருவம் வேறு என்று பிரித்து, 1909இல் ஒன்றை ஜீனோடைப் என்றும் மற்றதை ஃபீனோடைப் என்றும் அழைத்தார். இந்தப் பிரிவினை மருத்துவத்தில் உயிர்காக்கும் விஷயமாயிற்று. ஃபீனைல்கீட்டோனூரியா உள்ள குழந்தைகளால் ஃபீனைலாலனின் என்ற அமினோ அமிலத்தைச் செரித்துத் தள்ள முடியாது. அது இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். பிறந்த சில நாட்களிலேயே பரிசோதனையில் கண்டுபிடித்து, அந்த அமிலம் குறைந்த உணவைக் கொடுத்தால் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். மரபணுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

செய்திகளில் அதிகம் சிதைபடும் சொல் ஹெரிட்டபிலிட்டி. உயரத்தின் ஹெரிட்டபிலிட்டி ஏறத்தாழ 80 சதவீதம் என்று படிக்கிறோம். உங்கள் உயரத்தில் 80 சதவீதம் மரபணு தந்தது, மீதி சாப்பாடு தந்தது என்று அதற்குப் பொருளில்லை. நல்ல ஊட்டம் உள்ள ஒரு கூட்டத்தில், ஆளுக்கு ஆள் உயரம் வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபு வேறுபாட்டால் வந்தது என்பதே அந்த எண். தனி மனிதருக்குப் பொருந்தாது. விரல்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். கைக்கு ஐந்து விரல் என்று தீர்மானிப்பது மரபணுக்கள்தான். ஆனால் மக்களிடையே விரல் எண்ணிக்கை வேறுபடுவது அதிகமும் விபத்துகளால், அதனால் அதன் ஹெரிட்டபிலிட்டி குறைவு! உயரத்துக்கு ஒற்றை மரபணுவும் கிடையாது. 2022இல் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை ஆராய்ந்தபோது, உயரத்தோடு தொடர்புள்ள சுமார் 12,000 மாற்றங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது.

கடைசியாக, பரிசோதனை அறிக்கை கையில் வந்தால் பார்க்க வேண்டிய ஒன்று. நம் மரபணுத் தொகுதியில் 300 கோடி எழுத்துகள். யாருடையதை வாசித்தாலும் லட்சக்கணக்கான இடங்களில் மற்றவர்களிடமிருந்து வேறுபடும். அறிக்கையில் கண்டறிந்த மாற்றத்தை நோய் உண்டாக்குவது, தீங்கற்றது என்று வகைப்படுத்தியிருப்பார்கள். நடுவில் "முக்கியத்துவம் தெளிவாகாத மாற்றம்" என்று ஒரு வகை இருக்கும். அதைப் பாதி நோய் என்று எடுத்துக்கொண்டு தூக்கம் கெடுகிறவர்கள் உண்டு. ஒரு பக்கம் சொல்லப் போதிய சான்று இன்னும் இல்லை என்பதுதான் அதன் பொருள். அதை மட்டும் வைத்துக்கொண்டு அறுவைச் சிகிச்சை போன்ற முடிவுகளை எடுப்பதில்லை. ஓரிரு ஆண்டு கழித்து அதே ஆய்வகத்திடம் மறுபடி கேளுங்கள். சான்று சேர்ந்து வகை மாறியவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்ற பக்கமே போயிருக்கின்றன.

நன்றி, வணக்கம்.